பதினேழாவது பெட்டி

மார்ச் கடைசி வாரம் ஆகியும் தோச்சிசாவா மலைக்கிராமத்தில் கூரைப் பனி முழுசாக இறங்கவில்லை. பகல் பூராவும் இறவாரத்திலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. கினுயோவின் மகன் தெத்சுவோ அன்று காலையில்தான் பனிக்கு அண்டக் கொடுத்துக் கட்டியிருந்த பலகைகளை மேற்குச் சுவரிலிருந்து அவிழ்த்தான். நாலு மாதம் இருண்டு கிடந்த நடுக்கூடத்துக்குள் வெளிச்சம் விழுந்தது. மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டி, பள்ளத்தில் இழுத்துத் திறக்கிற நாலு தாள்கதவுகளிலும் இருக்கிற ஓட்டை, கறை, எலி சுரண்டின இடம் எல்லாம் அப்பட்டமாகத் தெரிந்தன.

"பாத்தியாம்மா, எப்படி இருக்குன்னு. இதைப் போய் இத்தனை வருஷம் வச்சிருந்தோம்" என்றான் தெத்சுவோ.

கினுயோ பனி உருகின வாய்க்கால் ஓரத்தில் பறித்த கசப்பு மொட்டுகளை முறத்தில் கொட்டி, மண்ணை உதறிக்கொண்டிருந்தாள்.

தச்சர் நாளை மறுநாள் வருகிறார். கூடத்தை இரண்டாகத் தடுத்துப் பலகைச் சுவர் வைத்து, பேத்திக்குப் படிக்க ஒரு அறை, மருமகள் ஹருயேவின் தையல் மெஷினுக்கு ஓர் இடம் என்று போன அறுவடை முடிந்ததுமே பேசி வைத்தது. கினுயோவும் சரி என்றுதான் சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. இருந்த ஒரே காரணம் சொல்லக்கூடிய காரணம் இல்லை.

"கதவை என்ன பண்றது, யாருக்காவது குடுக்கலாமா?" என்று ஹருயே கேட்டாள்.

"யாரு வாங்குவா? சட்டம் நல்ல தேவதாரு. உடைச்சா குளியல் அடுப்புக்கு ஒரு வாரம் ஓடும்."

சொன்னவன் ஒவ்வொரு கதவாகப் பள்ளத்திலிருந்து தூக்கிக் கழற்றி வெளியே கொண்டுபோய் இறவாரத்தின் கீழே சாய்த்தான். கினுயோவின் கை முறத்தில் அப்படியே நின்றது.

"சொட்டுற இடத்துல வைக்காதே" என்றாள்.

"எரிக்கப் போற கட்டை நனைஞ்சா என்னம்மா?"

"காயாத கட்டை புகையும்ல?"

அது நியாயமாகப் பட்டதால் அவன் ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்தான்.

பத்து மணிக்குப் புத்தக வண்டி வந்தது. நகரத்து நூலகத்தின் பச்சை வண்டி, மாதம் ஒரு தடவை, கடைசிப் புதன்கிழமை. கூட்டுறவுக் கடை முன்னால் நின்று கூரை ஒலிபெருக்கியில் ஒரு பாட்டை முக்கால்வாசி போட்டு நிறுத்துவார்கள். இரண்டு பக்கமும் பலகையைத் தூக்கினால் புத்தக அடுக்கு. பனி ஆழமான மாதங்களில் மட்டும் வராது. டிசம்பருக்குப் பிறகு இன்றைக்குத்தான் முதல் தடவை.

அந்த வண்டியில் வருகிறவர் செரிசாவா. இந்த மாதம் முப்பத்தொன்றோடு அவருக்கு ஓய்வு. இருபது வருஷமாக வண்டியில் வருகிறார். வந்த நாளெல்லாம் மத்தியானச் சாப்பாடு கினுயோ வீட்டில்தான். டப்பாவில் சோறு கொண்டுவருவார். மிசோ என்கிற சோயா விழுதில் வைத்த சூப்பு சூடாக ஒரு கிண்ணமும், புகையில் காய்ந்த முள்ளங்கி ஊறுகாயும் கினுயோ வைப்பாள். கூடத்தில், வெளிச்சத்துக்காகத் தாள்கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார். இருபது வருஷமும் அதே இடம்.

கினுயோ மொட்டுகளை வதக்கி மிசோவில் புரட்டிக்கொண்டிருந்தபோதே கடை முன்னால் பக்கத்து வீட்டுத் தோமியின் குரல் கேட்டது. தோமியின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"கடைசித் தடவையா? அப்ப நான் தொலைச்ச மீன் குழம்புப் புத்தகத்தை யாரு கேப்பா?"

"அடுத்து வர்றவர் கேப்பார். எழுதி வச்சிட்டுத்தான் போறேன்" என்றார் செரிசாவா.

"அதை ஏன் எழுதுறீங்க! ஒரு ரெண்டு பக்கத்துல சோயா கொட்டிருச்சு. அதான் தொலைஞ்சிருச்சுன்னு சொன்னேன்."

"கொட்டினாலும் பரவாயில்லை, கொண்டாங்க தோமியம்மா. கறைன்னு எழுதிக்கலாம். காணோம்னு எழுதறதுதான் எனக்குப் புடிக்காது."

அந்தக் கடைசி வார்த்தை கினுயோவின் காதில் விழுந்தது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

இதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

போர் முடிந்த வருஷம், ஜூலை மாதம். நகரத்தின் மேல் குண்டு விழும் என்று தெரிந்ததும் நூலகத்தார் அரிய புத்தகங்களையும் பழைய ஊர்ப் பதிவேடுகளையும் மரப்பெட்டிகளில் அடைத்து மலைக்கிராமங்களுக்கு அனுப்பினார்கள். தோச்சிசாவாவில் மண்சுவர் சரக்கறை பெரிதாக இருந்தது ஓகிஹாரா வீட்டில்தான், அதாவது கினுயோ வீட்டில். அவள் புருஷன் கென்சாகு அப்போது ஊர்த்தலைவர். நாற்பத்திரண்டு பெட்டிகள் மாட்டு வண்டியில் வந்தன. கூடவே நடந்து வந்தவர் பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொண்டிருந்த செரிசாவா. அன்றைக்கு அவர் காலில் செருப்பு அறுந்திருந்தது.

பனிக்காகச் சரக்கறைக்கு வாசல் வீட்டுக்குள்ளேதான். பெட்டிகளைக் கூடத்தின் வழியாகத்தான் தூக்க வேண்டும். ஊரில் இளவட்டம் யாரும் இல்லை. பெண்களும் கிழவர்களுமாகத் தூக்கினதில் பெட்டி முனை குத்தித் தாள்கதவு நாலும் கிழிந்தது. ஒரு பெட்டியின் மூடியும் பிளந்தது. செரிசாவா கதவைப் பார்த்துப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். "கதவு போனா ஒட்டிக்கலாம். உங்க பெட்டிக்கு நான் ஜவாப்தாரி. ஒரு தாள் குறையாது" என்று கென்சாகு முத்திரை குத்திக் கொடுத்தார். மூன்று வாரத்தில் நகரத்து நூலகம் எரிந்து போனது.

டிசம்பரில் மூத்த மகன் நொபோரு வந்தான். வெள்ளைத் துணியில் சுற்றின சின்னப் பெட்டியாக வந்தான். ஆட்டினால் உள்ளே சலசலவென்று சத்தம். திறந்தால் எலும்பு இல்லை, பெயர் எழுதின ஒரு சீட்டு. நியூகினியில் போரில் இறந்ததாகச் செய்தி.

சாவுச் சடங்கைக் கூடத்தில்தான் நடத்த வேண்டும். ஊரே வரும், தாலுகா ஆபீஸிலிருந்து வருவார்கள். கதவுகள் கிழிந்து தொங்குகின்றன. தாள்கதவு ஒட்டுகிற ஆசாரி பட்டாளத்திலிருந்து திரும்பவில்லை. மேல்தாளுக்கு எப்படியோ நாலு சுருள் வெள்ளைத்தாள் கிடைத்தது. ஆனால் மேல்தாளை அப்படியே ஒட்ட முடியாது. அடியில் இரண்டு மூன்று அடுக்குப் பழந்தாள் கொடுத்தால்தான் கதவு கதவாக நிற்கும். அந்த ஊரில் பழங்கணக்கு, பழங்கடிதம், பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சித்தாள் எல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற இடம் கதவின் வயிறுதான். யாரும் அதைப் பாவம் என்று நினைத்ததில்லை. இல்லாத வீட்டுக்காரர்கள் காகிதக்காரனிடம் கட்டுக் கட்டாக வாங்குவார்கள். அந்த வருஷம் காகிதக்காரனும் இல்லை.

கினுயோ சரக்கறைக்கு மிளகாய் எடுக்கப் போனபோது மூடி பிளந்த பெட்டியைப் பார்த்தாள். மேலே அட்டையில்லை, தையல் இல்லை. தனித்தனித் தாள்கள், கோணல்மாணலான தூரிகைக் கிறுக்கல், ஓரம் கறுத்து, பூச்சி அரித்து. காகிதக்காரன் கொண்டுவருகிற கட்டு அச்சாக அப்படித்தான் இருக்கும். புத்தகங்கள் ஆடாமல் இருக்க இடுக்கில் திணித்த கழிவுத்தாள் என்று நினைத்தாள். அட்டை போட்ட புத்தகம் என்றால் விரலால்கூடத் தொட்டிருக்க மாட்டாள். அந்தத் தாள் நல்ல தாள். நூறு வருஷத்துத் தாள் இழுத்தாலும் கிழியாது. அள்ளிக்கொண்டு வந்தாள். வீட்டில் அப்போது இருந்தது ஒரு கிண்ணம் கோதுமை மாவு. அதைப் பசையாகக் காய்ச்சினாள். சின்னவன் தெத்சுவோ அடுப்புப் பக்கத்தில் நின்று, கஞ்சி என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தாள் போதாமல் நொபோரு பள்ளிக்கூடத்தில் எழுதின பயிற்சித்தாள்களையும் எடுத்து நடுநடுவே ஒட்டினாள். அவன் சடங்கு நடக்கிற அறையில் அவன் எழுத்தும் இருக்கட்டும் என்று நினைத்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த கோடையில் நாற்பத்திரண்டு பெட்டிகளும் திரும்பிப் போயின. நகரத்தில் அவற்றை வைக்க இடமில்லாமல் ஒரு கோயில் கிடங்கில் வருஷத்துக்கு மேல் கிடந்தன. பிரித்துப் பார்த்தபோதுதான் பதினேழாவது பெட்டி பாதி காலி என்று தெரிந்தது.

செரிசாவா வந்து கேட்டார். அது ஓயாட்சி என்கிற ஊரின் பஞ்சப் பதிவேடு. நூற்றிப் பத்து வருஷத்துக்கு முந்தைய பெரும் பஞ்சத்தில் எந்த வீட்டில் யார் யார் பட்டினியில் செத்தார்கள் என்று அந்த ஊர்த்தலைவர் வீடு வீடாகப் போய் எழுதினது. தொண்ணூற்று நாலு வீடு. செரிசாவா போருக்கு முன்னாலேயே அதைப் படியெடுக்க ஆரம்பித்து அறுபது வீடுவரை முடித்திருந்தார். மீதிதான் காணவில்லை.

"எங்க வீட்டுல ஒரு தாள் குறையாதுங்க" என்று கென்சாகு பாயில் நெற்றி படக் குனிந்து சொன்னார். கினுயோ தேநீர்த் தட்டோடு அந்தத் தாள்கதவுக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கதவை இழுத்துத் திறந்து உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். கதவை இழுத்தாள், தேநீரை வைத்தாள், வந்துவிட்டாள். அவ்வளவுதான்.

செரிசாவா பொறுப்பேற்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆவண வேலையை வேறு ஆளிடம் கொடுத்து அவரைப் புத்தக வண்டிக்கு மாற்றினார்கள். ஊரில் கென்சாகு காகிதத்தைக் கள்ளச்சந்தையில் அரிசிக்கு மாற்றிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. அவரை மறுபடி ஊர்த்தலைவராக யாரும் கேட்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் செத்தும் போனார்.

மத்தியானம் செரிசாவா வந்து காலணியைக் கழற்றினார். கூடத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார்.

"என்ன கினுயோம்மா, அறை இவ்வளவு பெருசாயிருச்சு? நான் சாயறதுக்கு ஒண்ணும் இல்லையே."

"இடிச்சுக் கட்டப் போறாங்க" என்று ஹருயே சொன்னாள். "பொண்ணு படிக்க அறை. அடுத்த வருஷம் பெரிய ஸ்கூலு."

"நல்லது, நல்லது. நகரத்துலயும் புதுக் கட்டடம் திறந்தாச்சு தெரியுமா? பழைய தாளுக்குன்னே தனி மாடி. சூடு, ஈரம் எல்லாம் அளவா. எனக்குத்தான் உள்ளே வேலை இல்லை." சிரித்துக்கொண்டே டப்பாவைத் திறந்தார். "வீட்டம்மா இந்த மாசமாவது ஒரு புத்தகம் எடுக்கக் கூடாதா? கடைசி மாசம். இருபது வருஷத்துல ஒரு புத்தகம் எடுக்காத வீடு இந்த ஊர்ல இது ஒண்ணுதான்."

"எனக்குக் கண்ணு சரியில்லைங்க."

"ஊசியில நூல் கோக்குறீங்களே!"

கினுயோ சூப்புக் கிண்ணத்தை வைத்தாள். கசப்பு மொட்டை வைத்தாள். அவர் ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதைச் சாப்பிட்டாத்தான் பனி முடிஞ்சுதுன்னு நம்புவேன்" என்றார்.

அப்போது வெளியே மளுக்கென்று சத்தம் கேட்டது.

தெத்சுவோ முதல் கதவைத் தரையில் போட்டுச் சட்டத்தின் மேல் காலை வைத்து மிதித்திருந்தான். கினுயோ எழுந்தாள். கால் உறையோடு, செருப்புப் போடாமல், சேறும் பனியுமாகக் கிடந்த முற்றத்தில் ஓடினாள்.

"உடைக்காதே! டேய், காலை எடு!"

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

"காலை எடுன்னு சொல்றேன்ல!" கதவின் மேல் குனிந்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவள் முதுகில் இறவாரம் சொட்டியது.

செரிசாவா வாசலுக்கு வந்துவிட்டார், கையில் சாப்பிடுகிற குச்சிகளோடு. ஹருயே பின்னால் நின்றாள்.

கினுயோ தலையைத் தூக்காமல் சொன்னாள். "அது இங்கதான் இருக்கு. பதினேழாவது பெட்டி. நான்தான் எடுத்து ஒட்டினேன். நொபோருவோட காரியத்துக்கு. கழிவுத்தாள்னு நெனச்சேன். அவருக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. நீங்க வந்து கேட்ட அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சது. சொல்லலை."

 கடைப் பக்கம் வண்டியின் ஒலிபெருக்கியை யாரோ பிள்ளைகள் தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது.

செரிசாவா இறங்கி வந்தார். சட்டம் முறிந்த இடத்தில் மேல்தாள் கிழிந்து அடித்தாள் துருத்திக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

"அறுபத்தி மூணாவது வீடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்படியே நனைந்த படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் பேசினது தெத்சுவோ. "என்னை ஸ்கூல்ல என்னன்னு கூப்பிட்டாங்க தெரியுமாம்மா? காகிதம் தின்னி. காகிதம் தின்னி மவன்னு. அப்பா இல்லைன்னு சொல்லுவாரு, நான் நம்பலை. அப்பா சாகுற வரைக்கும் நான் அவரை நம்பலை."

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தியா?"

"இருந்தேன்."

"ஏன்?"

"முதல்ல அவர் குனிஞ்சு சொல்லிட்டாரு. அவர் வாக்கைப் பொய்யாக்கணுமேன்னு. அப்புறம்..." கினுயோ கதவைத் தடவினாள். "சொன்னா இதைப் பிரிப்பாங்க. இதுல அவன் எழுத்து இருக்கு. அவனோடது வேற ஒண்ணும் வரலை, ஒரு நகம்கூட வரலை. அதுக்கப்புறம் ஒரு வருஷம் ஆச்சு, அஞ்சு வருஷம் ஆச்சு. நாளானா சொல்றது சுலபமாகும்னு நெனச்சேன். ஆகலை."

"அப்பாவுக்குத் தெரியவே தெரியாதா?"

"கடைசி மாசம் படுக்கையைக் கூடத்துல போடச் சொன்னாரு. கதவைப் பாத்துக்கிட்டே கிடந்தாரு. தெரியுமோ என்னமோ. என்கிட்ட கேக்கலை."

தெத்சுவோ கையிலிருந்த கோடாலியை விறகுக் குவியலில் எறிந்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டான்.

செரிசாவா எழுந்து உள்ளே போனார். கூடத்து மூலையில் முன்னோர் மாடத்தில் கென்சாகுவின் படம் இருந்தது. அதன் முன்னால் மண்டியிட்டுப் பாயில் கை ஊன்றித் தலை தாழ்த்தினார். கினுயோ சேற்றுக் காலோடு வாசலிலேயே நின்றாள்.

"நான் இங்க வந்து சாப்பிட்டது சூப்புக்காக இல்லை கினுயோம்மா" என்றார் திரும்பாமலே. "உங்க வீட்டுக்காரர்தான் வித்தார்னு நெனச்சேன். மாசாமாசம் முகத்தைப் பாத்தா என்னைக்காவது தாங்காம சொல்லிடுவார்னு வந்தேன். அவர் செத்தப்புறமும் வந்தேன். பழக்கமாயிருச்சு."

"என் மேல கோவம் இல்லையா?"

"இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்." டப்பாவை மூடினார். சோறு பாதி அப்படியே இருந்தது. "கதவு நனையக்கூடாது. வெயில்லயும் வைக்காதீங்க. சரக்கறையில நிக்க வையுங்க. நான் ஆள் கூட்டிட்டு வர்றேன்."

அடுத்த இரண்டு வாரமும் தெத்சுவோ அம்மாவிடம் சோறு, தண்ணீர் தவிர ஒன்றும் பேசவில்லை. ஆனால் தச்சரை வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினவன் அவன்தான். நாலு கதவையும் சரக்கறைக்குள் கொண்டுபோய், கீழே செங்கல் கொடுத்து நிறுத்தினவனும் அவன்தான்.

ஏப்ரலில் ஊர் வாய்க்கால் தூர் வாருகிற நாள் வந்தது. நாற்று விடுவதற்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும். கினுயோ வீட்டிலிருந்து தெத்சுவோவும், தோமி வீட்டிலிருந்து தோமியும் போனார்கள். அன்று சாயங்காலம், வாய்க்காலுக்கு டீ கொண்டுபோயிருந்த ஹருயேதான் வந்து சொன்னாள்.

"அத்தை, அவர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு."

"என்னன்னு?"

"டீ குடிக்க உக்காந்தப்போ எந்திரிச்சு நின்னு, 'எங்கப்பா காகிதம் விக்கலை. எங்கம்மா அண்ணன் காரியத்துக்குக் கதவுல ஒட்டினாங்க. இப்ப திருப்பிக் குடுக்கப் போறோம். எங்கப்பாவைப் பேசினவங்க பேசினதை நிறுத்திக்கங்க'ன்னு. அவ்வளவுதான். உக்காந்துட்டாரு."

"யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை. சேத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் தோமியம்மாதான், 'எங்க வீட்டுக் கதவு வயித்துக்குள்ள யாரு தாத்தா இருக்காரோ, யாரு கண்டா'ன்னாங்க. கொஞ்ச பேர் சிரிச்சாங்க. அப்புறம் பழைய தலைவர், மேலத்தெருக்காரரு, இவர் கையிலேருந்து மண்வெட்டியை வாங்கி, இவர் பங்கையும் சேத்துத் தோண்டினாரு. மன்னிப்புன்னு வாய் விட்டுச் சொல்லலை."

கினுயோ அரிசி களைந்துகொண்டிருந்தாள். அதே தண்ணீரில் நாலு தடவை களைந்தாள்.

செரிசாவா ஏப்ரல் நடுவில் வந்தார். இப்போது அவர் நூலக ஆள் இல்லை, ஆனாலும் அவர்தான் முன்னால் நடந்தார். பின்னால் புதுக் கட்டடத்து ஆவணப் பிரிவிலிருந்து அகனுமா என்ற பெண், முப்பது வயது இருக்கும், ஒரு நோட்டும் பென்சிலும் தண்ணீர் தெளிக்கிற பீச்சுக்குழாயுமாக.

"நாலையும் நகரத்துக்குக் கொண்டுபோய்த்தான் பிரிப்போம்" என்றாள் அகனுமா. "அங்க மேசை, வெளிச்சம் எல்லாம் இருக்கு."

"ஒண்ணை மட்டும் இங்க பிரிக்க முடியுமா?" என்று கினுயோ கேட்டாள். "ஒட்டின இடத்துலேயே."

அகனுமா செரிசாவாவைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார்.

சட்டம் முறிந்த கதவைக் கூடத்தில், அது இருந்த இடத்திலேயே படுக்க வைத்தார்கள். தெத்சுவோ ஆணியைப் பிடுங்கி ஓரக்கட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றான். அகனுமா தண்ணீரைப் புகைபோல அடித்துக் கொஞ்ச நேரம் காத்திருந்து மேல்தாளை மூலையிலிருந்து தூக்கினாள். சுலபமாக வந்தது. அடியில் பழுப்புத் தாள்கள், மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று.

"முழுசு முழுசா இருக்கே!" என்றாள் அகனுமா. "ஓரத்துல மட்டுந்தான் பசை. பொதுவா தாள் பூரா அப்பிடுவாங்க, பிரிக்கறதுக்குள்ள பிராணன் போயிரும்."

"மாவு ஒரு கிண்ணந்தான் இருந்துச்சு" என்றாள் கினுயோ.

"ஆமா. எனக்கு ஞாபகம் இருக்கு" என்றான் தெத்சுவோ சுவரோரத்திலிருந்து. இரண்டு வாரத்தில் அம்மாவைப் பார்த்து அவன் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

ஒவ்வொரு தாளையும் எடுக்குமுன் அகனுமா நோட்டில் கதவின் படம் வரைந்து, எந்த அடுக்கு, எத்தனையாவது தாள் என்று எண் போட்டாள். "எது எதுக்குப் பக்கத்துல இருந்துச்சோ, அந்த வரிசை கலையக்கூடாது. கதவுக்குள்ளேருந்து வர்றது எதுவா இருந்தாலும் ஒரே கட்டுத்தான். அதான் எங்க முறை" என்றாள். எடுத்த தாளைச் செரிசாவா வாங்கி வெள்ளைத்தாளின் மேல் வைத்தார்.  படிக்க ஆரம்பித்தார்.

"அறுபத்தொண்ணாவது வீடு. யோசுகே, வயசு நாப்பத்திரெண்டு. மனைவி, முப்பத்தெட்டு. மகள் மத்சு, ஆறு. மூணு பேரும் பன்னிரண்டாம் மாசம், பட்டினி."

அகனுமா எழுதினாள்.

"அறுபத்திரெண்டாவது வீடு. கிழவி, பேர் தெரியலை. இரண்டாம் மாசம், பட்டினி. பேரன் சுதெகிச்சி, நாலு வயசு. அதே நாள்."

தெத்சுவோ சுவரை விட்டுக் கொஞ்சம் கிட்ட வந்திருந்தான். அடுப்படி வாசலில் நின்றிருந்த ஹருயே அங்கேயே பாயில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வீடாக வந்துகொண்டிருந்தது. சில வீட்டில் எல்லாரும். சில வீட்டில், 'ஊரை விட்டுப் போனவர், சேதி இல்லை.' வெளியே வாய்க்காலில் புதுத்தண்ணீர் ஓடுகிற சத்தம்.

அறுபத்தேழாவது வீட்டுத் தாளுக்கு அடியிலிருந்து வந்த தாள் வேறு மாதிரி இருந்தது. மெல்லிசான பள்ளிக்கூடத்துத் தாள். நடுவில் பெரிய எழுத்தில், மை வழிந்து, 'முதல் பனி' என்று எழுதியிருந்தது. வாத்தியார் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருந்தார். இடது ஓரத்தில் சின்னதாக: 'ஐந்தாம் வகுப்பு, ஓகிஹாரா நொபோரு.'

செரிசாவா அதை இரண்டு கையாலும் ஏந்திக் கினுயோவிடம் நீட்டினார். "இது உங்களோடது. வச்சுக்கங்க. இதுக்கு நம்பர் வேண்டாம், என்ன அகனுமா?"

அகனுமா பென்சிலை நிறுத்தினாள். "வேண்டாம். அம்மா எடுத்துக்கட்டும்."

கினுயோ வாங்கினாள். ஈரமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் பக்கத்திலேயே இருந்தும் பார்க்காத எழுத்து. விரலை அந்தச் சிவப்பு வட்டத்தின் மேல் வைத்துச் சுற்றிக் கொண்டுபோனாள், ஒரு சுற்று.

"போர் முடிஞ்சு மூணாவது வருஷம் அவன் கூட இருந்த ஒரு பையன் வந்தான்" என்றாள். "தெத்சுவோ, நீ அன்னைக்கு வயல்ல இருந்தே. உங்கப்பாவும் இல்லை. அவன் சொன்னான், குண்டு பட்டு இல்லையாம். சண்டையே நடக்கலையாம். சாப்பாடு வரலை. புல்லைத் தின்னு, அப்புறம் நடக்க முடியாம ஒரு மரத்தடியில உக்காந்தவன் எந்திரிக்கலையாம். அரசாங்கச் சீட்டுல போர்ல இறந்தார்னுதான் இருக்கு. அதையும் நான் யார்கிட்டயும் சொல்லலை."

அவள் தாளைத் திருப்பி நீட்டினாள்.

"நம்பர் போடுங்க. வரிசை கலையக்கூடாதுன்னு சொன்னீங்கள்ல."

செரிசாவா வாங்கிக்கொள்ளாமல் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு வாங்கி, அறுபத்தேழாவது வீட்டுத் தாளுக்குப் பக்கத்தில், வெள்ளைத்தாளின் மேல் சுருக்கம் போக நீவி வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஓகிஹாரா வீடு" என்று படித்தார், மற்ற வீடுகளைப் படித்த அதே குரலில். "மகன், நொபோரு." நிறுத்தினார். "வயசு?"

"இருபத்தொண்ணு" என்றாள் கினுயோ.

"வயசு இருபத்தொண்ணு. பட்டினி."

அகனுமா எழுதிக்கொண்டாள். தெத்சுவோ குனிந்து, அடுத்த தாள் கிழியாமல் வருவதற்காகக் கதவின் அந்த மூலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.